கம்பிக்குப் பேசக் கற்பித்தவர்

தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் அலெக்சாண்டர் கிரகாம் பெல் என்று சொல்லும். 1876 மார்ச் 7ஆம் திகதி அவருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. மூன்று நாட்கள் கழித்து, பொஸ்டன் நகரில் ஓர் அறையிலிருந்துகொண்டு அடுத்த அறையிலிருந்த தமது உதவியாளர் வாட்சனை அந்தக் கருவி மூலம் அவர் அழைத்தார். இவ்வளவும் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. ஆனால் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போன அந்தக் குரல், ஒரு நகரிலிருந்து ஆயிரம் மைல் தொலைவிலுள்ள இன்னொரு நகருக்கு எவ்வாறு போய்ச் சேர்ந்தது என்ற கதையைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. கருவியைச் செய்து முடிக்க ஓரிரு ஆண்டுகள் போதுமாயிருந்தன. கம்பியைச் சரிசெய்வதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

அந்த நாற்பது ஆண்டுகளின் நடுவே பல்கலைக்கழக வாசலையே மிதிக்காத, காது மந்தமான, தொழில் எதுவும் பார்க்காத ஓர் ஆங்கிலேயர் நிற்கிறார். அவர் எழுதியதைத் தொடர்ந்து அச்சிட்ட ஒரு வார இதழும், பதவியை இழந்த அதன் ஆசிரியரும் நிற்கிறார்கள். மின்பொறியியல் படித்தவர்களுக்கு ஒலிவர் ஹெவிசைட் என்ற பெயர் ஓரளவு தெரிந்திருக்கும். பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டிய பெயர் அது என்பது என் எண்ணம்.

தொலைபேசி பிறந்தபோது அதற்கென்று தனியாகக் கம்பி இருக்கவில்லை. தந்திக்கம்பியையே அது இரவல் வாங்கியது. தந்திக்கு ஓர் இரும்புக்கம்பி போதும். மின்னோட்டம் கம்பி வழியாகப் போய்ச் சேர்ந்து, பூமி வழியாகத் திரும்பி வந்துவிடும். இரு முனைகளிலும் ஒரு தகட்டையோ தண்டையோ நிலத்தில் புதைத்துவிட்டால் செலவு பாதியாகக் குறையும். 1878 ஜனவரி 28ஆம் திகதி அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள நியூஹேவன் நகரில், 21 சந்தாதாரர்களுடன் உலகின் முதலாவது வர்த்தகத் தொலைபேசி இணைப்பகம் திறக்கப்பட்டது. அதன் இணைப்புப் பலகையை ஜோர்ஜ் கோய் என்பவர் குதிரை வண்டிகளுக்குப் பூட்டும் ஆணிகளையும், அக்காலப் பெண்கள் பாவாடையை உப்பச் செய்ய அணிந்த சட்டத்திலிருந்து எடுத்த கம்பியையும் கொண்டு செய்தார் என்பர். அங்கிருந்து வீடுகளுக்கும் கடைகளுக்கும் போன கம்பிகள் யாவும் ஒற்றைக் கம்பிகளே.

தந்தியைப் பொறுத்தவரை ஒற்றைக் கம்பியால் கேடில்லை. தட்டு விழுந்ததா, நீண்ட தட்டா, குறுகிய தட்டா என்று மட்டும் தெரிந்தால் போதும். மனிதக் குரல் அப்படியானதன்று. பூமியைத் திரும்பும் பாதையாகப் பயன்படுத்திய தொலைபேசியில் பூமியிலுள்ள எல்லாச் சத்தமும் வந்து சேர்ந்தது. பக்கத்தில் ஓடிய தந்திக்கம்பிகளின் டக்டக் ஒலி, தொலைவில் இடித்த இடியின் கரகரப்பு, அயல்வீட்டுக்காரரின் குடும்பப் பேச்சு எல்லாம் ஒரே குழலில் கேட்டன. 1888இல் ரிச்மண்ட் நகரில் மின்சார ட்ராம் வண்டிகள் வெற்றிகரமாக ஓடத் தொடங்கி, பின்னர் நகரம் நகரமாகப் பரவியபோது நிலைமை முற்றிப்போயிற்று. ட்ராம் வண்டியின் மின்னோட்டமும் தண்டவாளத்தின் வழியாகவும் பூமியின் வழியாகவுமே திரும்பியது. ட்ராம் புறப்படும்போதெல்லாம் தொலைபேசி ஊளையிட்டது. பூமியை முதலில் பயன்படுத்தியவர்கள் நாங்களே என்று தொலைபேசிக் கம்பனிகள் வழக்காடின. பூமாதேவி எவருக்கும் தனிச்சொத்தல்லள் என்ற பொருளில் தீர்ப்பு வந்தது.

பரிகாரத்தைப் பெல் முன்னரே சொல்லியிருந்தார். 1881 ஜூலை மாதத்தில் அவர் பெற்ற காப்புரிமை ஒன்றில், பூமியை விட்டுவிட்டு இரண்டு கம்பிகளைப் பயன்படுத்த வேண்டும் என்றும், அவற்றை ஒன்றோடொன்று முறுக்கிவிட வேண்டும் என்றும் விளக்கியிருந்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரு கம்பிகளையும் சம அளவில் தாக்கும். போகும் கம்பியில் ஏறியதும் வரும் கம்பியில் ஏறியதும் முனையில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கேட்பவர் காதில் குரல் மட்டும் மிஞ்சும். மிக எளிமையான யோசனை. ஆனால் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் இரட்டிப்புக் கம்பி தேவை என்பதால் கம்பனிகள் பல ஆண்டுகள் தயங்கின. ட்ராம் வண்டிகள்தான் அந்தத் தயக்கத்தை முடித்துவைத்தன.

கம்பியின் உலோகமும் மாறியது. இரும்பைவிடச் செம்பு மின்னோட்டத்தை நன்கு கடத்தும் என்பது தெரிந்ததே. ஆனால் சாதாரணச் செப்புக்கம்பி கம்பங்களுக்கிடையே தன் பாரத்தாலேயே நீண்டு தொய்ந்துவிடும். தோமஸ் டூலிட்டில் என்பவர் செம்பைக் குளிர்ந்த நிலையிலேயே அச்சுத்துளைகளின் வழியாக இழுத்து வலுவான கம்பியாக்கும் முறையை வகுத்தார். அந்தக் கம்பியைக்கொண்டு 1884இல் பொஸ்டனும் நியூயோர்க்கும் இணைக்கப்பட்டன. 1892 ஒக்டோபரில் நியூயோர்க்கிலிருந்து சிக்காகோவுக்குப் பேசும் வழி திறந்தது. திறப்பு விழாவில் நியூயோர்க் முனையில் பெல்லே அமர்ந்து பேசினார். அந்தப் புகைப்படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதில் தெரியாத ஒன்று, அந்தக் கம்பியின் பாரம். ஒரு மைல் கம்பி 435 இறாத்தல். போக ஒன்று, வர ஒன்று என இரண்டு. முழுத் தூரத்துக்கும் சுமார் எட்டு இலட்சம் இறாத்தல் செம்பு வானத்தில் தொங்கியது. ஒரே நேரத்தில் இருவர் பேசுவதற்காக! ஐந்து நிமிட அழைப்புக்கு 9 டொலர் அறவிட்டதில் வியப்பில்லை.

இதற்கு மேல் கம்பியைத் தடிப்பாக்கிக்கொண்டு போக முடியாது. இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. 1888 மார்ச்சில் வீசிய கடும் பனிப்புயல் நியூயோர்க்கின் கம்பங்களை வீழ்த்தி, தெருக்களெங்கும் கம்பிகளைச் சிக்குச் சிக்காகப் பரப்பியது. கம்பிகளை நிலத்தடிக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற கோரிக்கை அதன்பின் வலுத்தது. நிலத்தடியில் நூற்றுக்கணக்கான கம்பிகளை நெருக்கி ஒரே ஈயக்குழாயினுள் அடைக்க வேண்டியிருந்தது. அப்படி அடைத்தால் குரல் சில மைல்களிலேயே மங்கியது. மங்கியது மட்டுமல்ல, குழம்பியது. பானைக்குள் தலையை விட்டுப் பேசுபவரின் குரல்போல முழக்கம் கேட்டது, சொல் விளங்கவில்லை.

ஏன் அப்படி? இந்த இடத்தில் கம்பியின் இயல்பைச் சற்று விளக்கியாக வேண்டும்.

மனிதக் குரல் ஒரே அலையன்று. தாழ்ந்த ஒலிகளும் உயர்ந்த ஒலிகளும் கலந்த கலவை அது. 'ச', 'ஸ' போன்ற எழுத்துக்களின் கூர்மை உயர்ந்த ஒலிகளில் இருக்கிறது. நெருக்கமான இரு கம்பிகளுக்கு மின்னேற்றத்தைப் பிடித்துவைக்கும் குணம் உண்டு. அதைக் கொள்ளளவு என்கிறோம். இந்தக் குணம் உயர்ந்த ஒலிகளை அதிகமாகவும் தாழ்ந்த ஒலிகளைக் குறைவாகவும் தின்றுவிடுகிறது. போதாக்குறைக்கு எல்லா ஒலிகளும் ஒரே வேகத்தில் பயணம் செய்வதுமில்லை. ஒன்றாகப் புறப்பட்டவை பிரிந்து, முன்னும் பின்னுமாக வந்து சேர்கின்றன. சத்தமாகப் பேசினால் பயனில்லை. குழப்பமும் சேர்ந்து பெரிதாகும்.

அந்நாளில் இதற்கு ஒரு கணக்கு இருந்தது. பின்னாளில் கெல்வின் பிரபு என்று அழைக்கப்பட்ட வில்லியம் தொம்சன் 1850களில், அத்திலாந்திக் கடலடித் தந்திக்காக வகுத்த கணக்கு அது. கம்பியின் தடையும் கொள்ளளவுமே எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன என்பது அதன் சாரம். மெதுவாகத் தட்டும் கடலடித் தந்திக்கு அது மிகப் பொருந்தியது. பிரித்தானிய அஞ்சல் திணைக்களத்தின் மின்பொறியியல் பகுதியில் கோலோச்சிய வில்லியம் பிரீஸ் அதனையே தொலைபேசிக்கும் விதியாக்கினார். 1887இல் றோயல் சங்கத்துக்கு அவர் அளித்த கட்டுரையில், தொலைபேசி மூலம் எவ்வளவு தூரம் பேச முடியும் என்பதற்கு இந்த விதியைக்கொண்டு எல்லை வகுத்தார். கம்பிக்கு மூன்றாவதாக ஒரு குணம் உண்டு. தன்னூடாகப் பாயும் மின்னோட்டம் மாறும்போது அந்த மாற்றத்தை எதிர்க்கும் குணம். அதுதான் தன்தூண்டல். தன்தூண்டல் தொலைபேசியின் விரோதி என்றும், அதை இயன்றவரை ஒழிக்க வேண்டும் என்றும் பிரீஸ் அடித்துச் சொன்னார்.

பிரீஸ் மூடரல்லர். 1877இலேயே பெல்லின் கருவியை பிரித்தானிய விஞ்ஞானிகளுக்குக் காட்டியவர் அவர். பின்னர் 1896இல் இத்தாலியிலிருந்து வந்த இளைஞர் மார்க்கோனிக்குக் கைகொடுத்தவரும் அவரே. ஆனால் கணிதத்தை அவர் மதிக்கவில்லை. அனுபவமே ஆசான் என்ற வகையைச் சேர்ந்த உயர் அதிகாரி. அத்தகைய அதிகாரிகளை நாமும் பார்த்திருக்கிறோம்.

அவருக்கு எதிரே நின்றவர் ஒலிவர் ஹெவிசைட். 1850 மே 18ஆம் திகதி இலண்டன் கம்டன் டவுணில் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்தவர். சிறுவயதில் வந்த செங்காய்ச்சல் காதைப் பாதித்தது. பிற பிள்ளைகளோடு கலந்து விளையாட முடியாத பிள்ளையாக வளர்ந்தார். பதினாறு வயதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. தந்தித் துறையின் முன்னோடியான சார்ல்ஸ் வீட்ஸ்டன் அவருடைய தாயாரின் சகோதரியின் கணவர். அந்த உறவினால் தந்தி வேலை கிடைத்தது. இங்கிலாந்துக்கும் டென்மார்க்குக்கும் இடையே கடலடித் தந்தி நடத்திய கம்பனியில் சில ஆண்டுகள் பணிபுரிந்தார். 1874இல், இருபத்துநான்கு வயதில், அந்த வேலையையும் விட்டுவிட்டு பெற்றோர் வீட்டில் ஓர் அறைக்குள் புகுந்துகொண்டார். அதன்பின் தம் வாழ்நாளில் அவர் வேறெந்த வேலையும் பார்க்கவில்லை.

அறைக்குள் அவர் படித்தது மக்ஸ்வெல் எழுதிய மின்காந்தவியல் நூல். 1873இல் வெளிவந்த அந்த நூலைக் கற்றறிந்தவர்களே தொட அஞ்சினார்கள். ஹெவிசைட் அதற்குத் தேவையான கணிதத்தை முதலில் தாமே கற்று, பிறகு நூலைக் கற்று, பிறகு அதனைத் திருத்தி எழுதினார். இன்று உலகெங்கும் மாணவர்கள் மக்ஸ்வெல்லின் நான்கு சமன்பாடுகள் என்று படிப்பவை ஹெவிசைட் சுருக்கிக் கொடுத்த வடிவத்தில் உள்ளவை.

அவர் எழுதியதை அச்சிட்டது 'எலெக்ட்ரிசியன்' என்ற இலண்டன் வார இதழ். மின்துறையில் தொழில் புரிவோர் படிக்கும் வியாபார இதழ் அது. விளம்பரங்களுக்கும் கம்பனிச் செய்திகளுக்கும் நடுவே ஹெவிசைட்டின் நீண்ட கணிதக் கட்டுரைகள் 1885 முதல் தொடராக வெளிவந்தன. ஆசிரியர் பிக்ஸ் என்பவர். அவருக்கே அந்தக் கணிதம் முழுமையாக விளங்கியிராது. ஆனால் இதில் விடயம் இருக்கிறது என்ற மோப்பம் அவருக்கு இருந்தது. நல்ல பத்திரிகை ஆசிரியருக்கு வேண்டிய முதற் தகுதி அதுதான்.

1887 ஜூனில் வெளிவந்த பகுதியில் அந்தக் கணக்கின் விடை இருந்தது. ஒரு கம்பிக்கு நான்கு குணங்கள் உண்டு. தடை, கொள்ளளவு, தன்தூண்டல், கம்பியிலிருந்து மின்சாரம் கசிந்து போகும் கசிவு. தடைக்கும் தன்தூண்டலுக்கும் உள்ள விகிதம், கசிவுக்கும் கொள்ளளவுக்கும் உள்ள விகிதத்துக்குச் சமமாக இருந்தால், எல்லா ஒலிகளும் ஒரே அளவில் தேய்ந்து ஒரே வேகத்தில் செல்லும். குரல் மெலியலாம், ஆனால் குழம்பாது. நடைமுறையிலுள்ள கம்பிகளில் தடையும் கொள்ளளவும் மிக அதிகம், தன்தூண்டலும் கசிவும் மிகக் குறைவு. கசிவைக் கூட்டினால் குரலே வடிந்துபோய்விடும். எஞ்சியிருப்பது ஒரே வழி. பிரீஸ் விரோதி என்று சொன்ன தன்தூண்டலைக் கூட்ட வேண்டும்.

கேட்பதற்கு இது விபரீதமாகத் தோன்றும். தேர்வடத்தை நினைத்துப் பாருங்கள். மெல்லிய நூலின் ஒரு நுனியைப் பிடித்து உதறினால் அலை இரண்டு முழம் போவதற்குள் செத்துவிடும். பாரமான வடத்தை உதறினால் அலை மறுநுனிவரை ஓடும். பாரம்தான் அலையைக் காப்பாற்றுகிறது. மின்கம்பிக்குத் தன்தூண்டல் அந்தப் பாரம் போன்றது.

இதை நாட்டின் தொலைபேசிகளுக்குப் பொறுப்பான அதிகாரி ஏற்கவில்லை. ஒலிவரின் அண்ணன் ஆதர் ஹெவிசைட் அஞ்சல் திணைக்களத்தில் பிரீஸின் கீழ் நியூகாசில் நகரில் பொறியியலாளராக இருந்தவர். சகோதரர் இருவரும் சேர்ந்து அதே 1887இல் தொலைபேசி இணைப்பு முறை பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் தம்பி சேர்த்த பகுதியில் தன்தூண்டலின் நன்மை சொல்லப்பட்டிருந்தது. அரச ஊழியர் என்ற முறையில் ஆதர் மேலதிகாரியின் அனுமதியைப் பெற வேண்டும். மேலதிகாரி பிரீஸ். கட்டுரை வெளிவரவில்லை. அண்ணனுக்கு வேலை முக்கியம், வாயை மூடிக்கொண்டார். தம்பிக்கு இழக்க வேலை எதுவும் இல்லை. ஆகவே வாழ்நாள் முழுவதும் பிரீஸைத் தம் எழுத்தில் வறுத்தெடுத்தார்.

அவ்வாண்டு ஒக்டோபரில் 'எலெக்ட்ரிசியன்' ஆசிரியர் பதவியிலிருந்து பிக்ஸ் நீங்கினார். ஹெவிசைட்டை ஆதரித்ததும் அதற்கு ஒரு காரணம் என்று அவர் பின்னாளில் குறிப்பால் உணர்த்தினார். புதிய ஆசிரியர் தொடரை நிறுத்தினார். இந்தக் கட்டுரைகளைப் படிக்கக்கூடியவர்கள் என்று கருதத்தக்கவர்களிடம் விசாரித்தும், படித்ததாகச் சொல்லும் ஒருவரையேனும் காணவில்லை என்று அவர் ஹெவிசைட்டுக்குக் காரணம் சொன்னார். வாசகர் கணக்கைக் காட்டி ஒரு பத்தியை நிறுத்துவது இணைய யுகத்தில் தோன்றிய வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

அடுத்த ஆண்டே காற்று மாறியது. 1888இல் ஜேர்மனியில் ஹேர்ட்ஸ் மின்காந்த அலைகளைச் செயலில் காட்டினார். மக்ஸ்வெல் சொன்னது மெய் என்றாயிற்று. மக்ஸ்வெல்லை விளக்கியவர்களைத் தேட வேண்டிய தேவை வந்தது. 1889 ஜனவரியில் மின்பொறியியலாளர் நிறுவனத்தின் தலைமையுரையில் கெல்வினே ஹெவிசைட்டின் பணியைப் பாராட்டினார். எந்த விதியைக் காட்டி ஹெவிசைட் மறுக்கப்பட்டாரோ, அந்த விதியை வகுத்தவர் வாயால் வந்த பாராட்டு அது. 1891இல் றோயல் சங்கம் அவரை அங்கத்தவராக்கியது. ஆயினும் பிரித்தானிய அஞ்சல் திணைக்களம் ஒரு மைல் கம்பியில்கூட அவருடைய யோசனையைப் பரீட்சித்துப் பார்க்கவில்லை. இடையிடையே கம்பிச்சுருள்களைச் சேர்க்கலாம் என்பதுவரை அவர் எழுதியிருந்தார். காப்புரிமை எடுக்கவில்லை. எல்லாம் அச்சில் திறந்து கிடந்தது.

அதை எடுத்துப் படித்தவர்கள் அமெரிக்கர்கள். பெல் கம்பனியின் பொஸ்டன் ஆய்வுப் பகுதியில் ஜோன் ஸ்டோன் ஸ்டோன் என்பவர் 1890களில் ஹெவிசைட்டைக் கற்றுத் தம் சகாக்களுக்கும் சொன்னார். அவருக்குப் பின் அந்த வேலையை எடுத்துக்கொண்ட ஜோர்ஜ் கம்பெல் சரியான கேள்வியைக் கேட்டார். சுருள்களை எவ்வளவு தூரத்துக்கு ஒன்றாக வைப்பது? பாரத்தைக் கயிற்றின் ஓரிடத்தில் மட்டும் கட்டினால் அலை அதில் மோதித் திரும்பிவிடும். ஓர் அலைநீளத்துக்குள் பல சுருள்கள் சீராக அமைந்தால்தான் கம்பி முழுவதும் பாரம் பரவியதுபோலாகும். கம்பெல் அதைக் கணக்கிட்டு 1899இல் ஆய்வுகூடத்தில் சோதித்தார். 1900 மே மாதத்தில் பொஸ்டன் புறநகர்ப் பகுதியொன்றில் சுருள் பூட்டிய கேபிள் பொதுமக்களின் பாவனைக்கு வந்தது.

அதே வேளையில் நியூயோர்க் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பூப்பின் என்ற பேராசிரியரும் இதே கணக்கைச் செய்துகொண்டிருந்தார். சேர்பிய இனத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. கையில் காசின்றி அமெரிக்காவில் வந்து இறங்கியவர். அவர் 1899 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கம்பெலின் விண்ணப்பம் 1900 மார்ச்சில்தான் போனது. கம்பனிச் சட்டத்தரணிகள் தாமதித்த அந்தச் சில மாதங்கள் எல்லாவற்றையும் தீர்மானித்தன. பிணக்கின் முடிவு எப்படி அமைந்தாலும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று கம்பனி பூப்பினின் உரிமையை விலைக்கு வாங்கியது. காப்புரிமைக் காலம் முழுவதும் சேர்த்து அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ நாலரை இலட்சம் டொலர். முன்னுரிமை பற்றிய பிணக்கிலும் பின்னர் பூப்பினே வென்றார். அவருடைய சுயசரிதைக்கு 1924இல் புலிட்சர் பரிசும் கிடைத்தது. ஜேர்மன் மொழியிலும் பிரெஞ்சு மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் கம்பிக்குச் சுருள் பூட்டும் செயலுக்கே அவர் பெயரால் வினைச்சொல் உண்டாயிற்று. ஹெவிசைட்டுக்கு ஒரு சதமும் வரவில்லை.

பூப்பின்மீது எனக்குக் கோபமில்லை. சுருளின் இடைவெளியைச் சரியாகக் கணக்கிட்டது உண்மையான பங்களிப்பு. ஆனால் அந்தப் பங்களிப்பை முதலில் செய்து முடித்து, கேபிளில் பூட்டியும் காட்டிய கம்பெல் சம்பளக்காரராக இருந்ததால் மறைந்துபோனார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சுருள் என்பது பார்வைக்குப் பெரிய விந்தையொன்றுமில்லை. இரும்புக் கருவின்மேல் செப்புக்கம்பியைச் சுற்றிய ஒரு வளையம். பலவற்றைச் சேர்த்துப் பானை போன்ற இரும்புக் கலத்தில் அடைத்து, நிலத்தடிக் குழிகளிலோ கம்பத்திலோ வைத்தார்கள். லோடிங் கொயில் என்பது தொழிலாளர் வழக்கு. பிற்காலக் கேபிள்களில் 6,000 அடிக்கு ஒன்று என்பது பரவலான அளவு. விளைவு பெரிது. அதே தூரத்துக்கு முன்னையதைவிட மிக மெல்லிய கம்பி போதுமாயிற்று. டென்மார்க்கில் கிறாறுப் என்ற பொறியியலாளர் சுருளுக்குப் பதிலாகக் கம்பி முழுவதும் மெல்லிய இரும்புக்கம்பியைச் சுற்றும் முறையை 1902இல் கடலடிக் கேபிளில் கையாண்டார். அதுவும் ஹெவிசைட்டின் விதைதான்.

1911இல் நியூயோர்க்கிலிருந்து டென்வர்வரை, இரண்டாயிரம் மைலுக்கு மேல், பேச முடிந்தது. சுருளின் எல்லை அதுவே. எந்த இடத்திலும் குரலைப் பெருக்காமல் வாயிலிருந்து காதுவரை அதே சக்தி போய்ச் சேர்ந்த தூரம் அது. அதற்கப்பால் செல்ல வெற்றிடக்குழாயினாலான பெருக்கி தேவைப்பட்டது. 1915 ஜனவரி 25ஆம் திகதி, எட்டு மைலுக்கு ஒரு சுருளும் வழியில் பெருக்கிகளும் பூட்டிய கம்பியில் நியூயோர்க்கிலிருந்து பெல்லும், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வாட்சனும் பேசினார்கள். ஒரே வீட்டின் இரு அறைகளில் தொடங்கிய உரையாடல் ஒரு கண்டத்தின் இரு கரைகளுக்கு வந்து சேர்ந்திருந்தது. மூன்று நிமிடத்துக்கு 20 டொலர் 70 சதம்.

கம்பி எதைத் தின்னும் என்பது செய்தி மேசையில் இருந்தவர்களுக்குப் புத்தகம் படிக்காமலே தெரியும். 1990களில் வெளிமாவட்டங்களிலிருந்து நிருபர்கள் ட்ரங்க் கோல் எடுத்துச் செய்தி சொல்லும்போது, தொலைபேசி உயர்ந்த ஒலிகளை வெட்டிவிடும். 3,400 அதிர்வுகளுக்கு மேற்பட்டதைக் கடத்துவதற்கு அது அமைக்கப்படவில்லை. 'ச' எது, 'ப' எது, 'த' எது என்று விளங்காது. ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் எழுத்துக்கூட்டிக் கேட்போம். எண்களைத் தனித்தனி இலக்கமாகச் சொல்லச் சொல்வோம். எண் என்றால் அந்நாளில் பெரும்பாலும் இறந்தவர்களின் எண்ணிக்கை. மறுமுனையில் இருப்பவர் தொண்டை கிழியக் கத்துவார். கத்தினால் சத்தம் கூடுமே தவிரத் தெளிவு கூடாது என்று ஹெவிசைட் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே கணக்குப்போட்டுச் சொன்னதை நாங்கள் இருவரும் அறிந்திருக்கவில்லை.

ஹெவிசைட் 1889இல் பெற்றோருடன் தென் இங்கிலாந்தின் பெயின்டன் ஊருக்குப் போனார். அங்கே இன்னொரு சகோதரர் இசைக்கருவிக் கடை வைத்திருந்தார். கடையின் மேல்தளத்தில் குடியிருப்பு. காது மந்தமான மனிதர், கீழே பியானோக்கள் முழங்க, மேலே இருந்து எழுதினார். 1896இல் நண்பர்களின் முயற்சியால் ஆண்டுக்கு 120 பவுண் அரச உதவிப்பணம் கிடைத்தது. தர்மம் என்று தோன்றும் எதையும் அவர் ஏற்கமாட்டார் என்பதால் அவரை இணங்கச் செய்வதே நண்பர்களுக்குப் பெரும்பாடாயிற்று. 1902இல் கலைக்களஞ்சியமொன்றுக்கு எழுதிய கட்டுரையில், வளிமண்டலத்தின் உயரத்தில் மின்சாரத்தைக் கடத்தும் படை ஒன்று இருக்கக்கூடும், அது கம்பியில்லா அலைகளைப் பூமியை ஒட்டிச் செலுத்தக்கூடும் என்று குறிப்பிட்டார். அமெரிக்காவில் கென்னெலி என்பவரும் அவ்வாண்டே அதைச் சொன்னார். இலங்கை வானொலியின் சிற்றலைப் பாட்டுக்கள் இந்தியாவெங்கும் கேட்டது இத்தகைய மேற்படைகளில் பட்டுத் தெறித்தே. கம்பியுள்ள குரலுக்கும் கம்பியில்லாக் குரலுக்கும் வழி சொன்னவர் ஒருவரே.

கடைசி ஆண்டுகள் டோர்க்கி நகரில் தனிமையிலும் வறுமையிலும் கழிந்தன. எரிவாயுக் கம்பனியின் கட்டணம் கட்ட முடியாமல் குளிரில் கிடந்தார். 1922இல் மின்பொறியியலாளர் நிறுவனம் புதிதாக ஏற்படுத்திய பரடே பதக்கத்தின் முதற்பதக்கத்தை அவருக்கே கொடுத்தது. 1925 பெப்ரவரி 3ஆம் திகதி, எழுபத்துநான்காவது வயதில் காலமானார். பெயின்டன் மயானத்தில் பெற்றோரோடு அடக்கம் செய்தார்கள்.

சுருள்களின் கதை அதற்குப் பிறகும் தொடர்ந்தது. பேச்சுக்கான ஒலிகளைச் சீராக்கிக் கடத்தும் சுருள், அதற்கு மேற்பட்ட அதிர்வுகளை அறவே மறித்துவிடும். பேச்சு மட்டும் போன காலத்தில் அது குறையாகத் தெரியவில்லை. 1990களின் பிற்பகுதியில் அதே தொலைபேசிக் கம்பியில் இணையத்தை அனுப்பும் ஏடிஎஸ்எல் முறை வந்தபோது, இணையம் பயணம் செய்யும் உயர் அதிர்வுகளுக்குச் சுருள் மதிலாக நின்றது. அமெரிக்காவில் 18,000 அடிக்கு மேற்பட்ட சந்தாதாரர் இணைப்புகளில் சுருள் பூட்டுவது வழமை. பழைய வரைபடங்களை விரித்து, எந்தக் குழியில் எந்தச் சுருள் என்று தேடி, ஒவ்வொன்றாகக் கழற்றியெறியத் தொழிலாளர்கள் அனுப்பப்பட்டார்கள். வரைபடம் தொலைந்துபோன இடங்களில் கம்பியில் மின்குறிப்பை அனுப்பி, அது திரும்பிவரும் விதத்தைப் பார்த்துச் சுருள் இருக்குமிடத்தைக் கண்டுபிடித்தார்கள். கம்பியில் ஓடும் அலை, வழியில் எதிர்ப்படும் மாற்றத்தில் மோதித் திரும்பும் கணக்கும் ஹெவிசைட் போட்டு வைத்ததுதான்.

பெல்லின் முறுக்கிய இரட்டைக்கம்பி மாத்திரம் கழற்றப்படவில்லை. இன்றைய அலுவலகத்தில் மேசைத் தொலைபேசியையும் கணினியையும் வலையமைப்பில் இணைக்கும் நீலநிற கேபிளை வெட்டிப் பார்த்தால், உள்ளே நான்கு சோடிக் கம்பிகள் இருக்கும். ஒவ்வொரு சோடியும் வெவ்வேறு நெருக்கத்தில் முறுக்கப்பட்டிருக்கும்.